லாரன் ஜாக்சன்: 34 வயதில் ஓய்வு, 43 வயதில் ஒலிம்பிக் பதக்கம். நடுவில் என்னதான் நடந்தது?

வெண்மதி (மெல்பர்ன்)

வணக்கம். இந்தப் பகுதியில் கிரிக்கெட்டைத் தவிர வேறு எதையும் யாரும் பேசுவதில்லை என்று தெரியும். இருந்தாலும் கேட்டுவிடுகிறேன்.

பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து வெண்கலப் போட்டியை மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். ஆஸ்திரேலியா 85, பெல்ஜியம் 81. அணியில் லாரன் ஜாக்சன் இருந்தார். வயது 43 என்று சொன்னதும் மகள் திரும்பி என்னைப் பார்த்து, "உங்களைவிடப் பெரியவரா?" என்றாள். ஆமாம், இரண்டு வயது பெரியவர். நான் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது.

மகளுக்கு 13 வயது. பள்ளி அணி, கிளப் அணி, அதற்கு மேல் வட்டார அணி என்று மூன்றுக்கும் விளையாடுகிறாள். நான்கு மாதமாக முழங்கால் வலி. "வளர்கிற வயதில் இதெல்லாம் சகஜம்" என்கிறார் பயிற்சியாளர்களில் ஒருவர். இன்னொருவர், "லாரன் ஜாக்சன் வலியோடுதான் ஆடினார்" என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். அதிலிருந்து வலித்தாலும் வாயைத் திறப்பதில்லை.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் 2016இல் முழங்கால் போய் ஓய்வு பெற்றார் என்பதுதான். அப்படியானால் பாரிஸுக்கு எப்படி வந்தார்? அவருடைய பாதை முழுவதும் தெரிந்தவர்கள் யாராவது விவரமாக எழுத முடியுமா?

பழைய பாயின்ட்கார்டு

வெண்மதி, நல்ல கேள்வி. இந்தத் தளத்தில் கூடைப்பந்து இழை திறந்து எவ்வளவு நாளாயிற்று! கல்லூரியில் ஐந்தரை அடி உயரத்தை வைத்துக்கொண்டு நான்கு வருஷம் பந்து தட்டியவன் என்ற உரிமையில் ஆரம்பிக்கிறேன். நீளமாகத்தான் போகும்.

பிறந்தது 1981 மே 11, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் ஆல்பரி. மர்ரி ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஆல்பரி, அந்தப் பக்கம் விக்டோரியா மாநிலத்தின் வொடோங்கா. பெரிய நகரம் ஒன்றும் இல்லை. அப்பா, அம்மா இருவருமே ஆஸ்திரேலியாவுக்காக ஆடியவர்கள். அம்மா மரீ 1970களின் கடைசியில் அமெரிக்காவில் லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியில் 15ஆம் எண் சட்டையோடு ஆடினார். மகள் பிற்பாடு சியாட்டிலில் போட்டதும் அதே 15தான். ஆஸ்திரேலியாவின் பெண்கள் லீக்கான டபிள்யூஎன்பிஎல் தொடங்கியதும் 1981. லீக்கும் இவரும் ஒரே வயது.

ஆனால் அம்மா போன வழியில் மகள் போகவில்லை. 1997இல் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனத்தில் சேர்ந்துவிட்டார். 16 வயதில் வீட்டை விட்டு விடுதி, படிப்பும் பயிற்சியும் ஒரே வளாகத்தில். அந்த நிறுவனத்துக்கு அப்போது லீகில் சொந்த அணி இருந்தது, முழுக்க முழுக்கப் பள்ளிப் பருவத்துப் பெண்கள். எதிரணிகளில் முப்பது வயதுக்காரர்கள், நாட்டுக்கு ஆடியவர்கள். அந்தப் பிள்ளைகள் 1998–99 சீசனில் கோப்பையையே தூக்கிவிட்டார்கள். அதற்கு முன்பே, 1998 உலகப் போட்டியில் வெண்கலம் வென்ற தேசிய அணியில் ஜாக்சன் இருந்தார். வயது 17.

அடுத்து கான்பெரா கேப்பிட்டல்ஸ். அந்தக் கிளப்புக்கு முதல் கோப்பை 2000இல், இவர் வந்த பிறகு. அதே வருஷம் சிட்னி ஒலிம்பிக், வெள்ளி. 19 வயதில் இவ்வளவும் முடிந்துவிட்டது. மிச்சத்தைச் சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

முருங்கைக்காய்

ஜாக்சன் என்று பார்த்து மைக்கேல் ஜாக்சன் இழை என்று உள்ளே வந்தேன். பரவாயில்லை, உட்கார்ந்து கேட்கிறேன்.

ஒரு சந்தேகம். அமெரிக்க லீகில் கல்லூரி முடித்த பிறகுதானே எடுப்பார்கள்? இவர் கல்லூரிக்கே போகாமல் எப்படி உள்ளே போனார்?

பழைய பாயின்ட்கார்டு

அமெரிக்கப் பெண்கள் நான்கு வருஷம் கல்லூரியில் ஆடிவிட்டு 22 வயதில் டிராஃப்டுக்கு (அணிகள் முறை வைத்துப் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) வருவார்கள். வெளிநாட்டுக்காரர்களுக்கு விதி வேறு, அந்த ஆண்டுக்குள் 20 வயது நிறைந்தால் போதும். ஜாக்சனுக்கு 2001 மே மாதம் 20. டிராஃப்ட் நடந்தது ஏப்ரலில். முதல் தேர்வே இவர்தான்.

எடுத்தது சியாட்டில் ஸ்டார்ம். 2000இல் புதிதாகச் சேர்க்கப்பட்ட அணி. முதல் சீசனில் 32 ஆட்டத்தில் ஆறு வெற்றி. கடைசியில் கிடப்பவருக்கு முதல் தேர்வு என்பதுதான் டிராஃப்டின் தத்துவம். 2001இல் ஜாக்சன் வந்தும் பத்து வெற்றிதான், ஆகவே 2002இலும் முதல் தேர்வு அவர்களுக்கே. அப்போது வந்தவர் சூ பேர்ட், பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் பாயின்ட்கார்டு. இரண்டு வருஷ அவமானத்துக்குக் கிடைத்த கூலி என்று பார்த்தால் கொஞ்சம் அதிகம்தான்.

அதே 2001 டிராஃப்டில் இன்னொரு ஆஸ்திரேலியர், பென்னி டெய்லர், 11ஆவதாகப் போனார். அந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

சியாட்டில் மழை

இந்த இழையில் நான் எழுதாமல் இருந்தால் பாவம் சேரும். 2004 முதல் 2012 வரை சியாட்டிலில் வேலை. ஸ்டார்ம் ஆட்டம் பார்க்க கீ அரீனாவுக்குப் போவோம், டிக்கெட் நம் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும். ஆண்கள் அணி சோனிக்ஸ் ஆட்டத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது. (2008இல் சோனிக்ஸ் ஓக்லஹோமாவுக்குப் போய்விட்டது. ஸ்டார்மை உள்ளூர்ப் பெண்கள் சிலர் சேர்ந்து வாங்கி ஊரிலேயே நிறுத்திக்கொண்டார்கள். இன்றைக்கும் அந்தக் கதையை நினைத்தால் சந்தோஷமாக இருக்கும்.)

ஜாக்சன் ஆட்டத்தைப் புள்ளிவிவரத்தில் பார்க்கக் கூடாது, நேரில் பார்த்திருக்க வேண்டும். உயரம் 196 செ.மீ. அந்த உயரத்தில் இருப்பவர்கள் அந்தக் காலத்தில் கூடைக்கு அடியில் முதுகைக் காட்டி நின்று பந்துக்குக் காத்திருப்பார்கள். இவர் சூ பேர்டுக்கு ஒரு ஸ்கிரீன் போடுவார், அதாவது எதிரணிக்காரரின் வழியை உடம்பால் மறித்து நிற்பார். எதிரணிக் காவலர் பேர்ட் பின்னால் ஓடுவார். ஜாக்சன் கூடையை நோக்கிப் போகாமல் சாவகாசமாக மூன்று புள்ளிக் கோட்டுக்குப் பின்வாங்குவார். பந்து அங்கே வரும். அவ்வளவு உயரத்திலிருந்து போகிற ஷாட்டை யார் தடுப்பது? வெளியே வந்து தடுக்க முயன்றால் ஒரு ஏமாற்று, இரண்டு தட்டு, உள்ளே போய்விடுவார். இன்றைக்கு எல்லா சென்டர்களும் இதைச் செய்கிறார்கள். அன்றைக்கு இதைப் பார்த்து எதிரணிப் பயிற்சியாளர்கள் கைகளை விரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

2003, 2007, 2010 என மூன்று முறை லீகின் மிகச் சிறந்த வீராங்கனை. 2003இல் அமெரிக்கர் அல்லாத ஒருவர் அந்த விருதை வாங்கியது அதுவே முதல் தடவை. 2007இல் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் சேர்ந்துகொண்டது. அந்த ஜூலையில் வாஷிங்டனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 47 புள்ளி, அன்றைய சாதனைக்குச் சமம். கூடுதல் நேரம் வரை போய் அணி தோற்றது. 47 போட்டுத் தோற்பதற்கு ஒரு தனி மனது வேண்டும்.

கோப்பை 2004, 2010. இரண்டாவது மறக்க முடியாதது: சீசனில் 34 ஆட்டத்தில் 28 வெற்றி, சொந்த மைதானத்தில் ஒரு தோல்வி கூட இல்லை, சீசன் முடிந்து வரும் பிளேஆஃப் சுற்றுகளில் ஏழுக்கு ஏழு. இறுதித் தொடரில் அட்லாண்டாவை 3–0 என்று துடைத்தாலும் மூன்று ஆட்டமும் கடைசி நிமிடம் வரை இழுத்தன. பக்கத்து இருக்கைப் பாட்டி என் கையைப் பிடித்த பிடியில் நகக்குறி இருந்தது.

இரவுக்கழுகு

எல்லோரும் ஆரத்தி எடுக்கிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன். 2000, 2004, 2008 மூன்று ஒலிம்பிக் இறுதிப் போட்டி, மூன்றிலும் அமெரிக்காவிடம் தோல்வி. சிட்னியில் 76–54, ஏதென்சில் 74–63, பெய்ஜிங்கில் 92–65. 2012 அரையிறுதியிலும் அதே கதை. பெரிய மேடையில் வெல்லாதவரை எப்படி எல்லா காலத்துக்கும் சிறந்தவர் என்பது? சிட்னி இறுதியில் எனக்கு ஞாபகம் இருப்பது லிசா லெஸ்லியின் ஒட்டுமுடி இவர் கையோடு வந்ததுதான்.

முருங்கைக்காய்

முடியா? விளக்கம் தேவை.

இரவுக்கழுகு

லெஸ்லி அமெரிக்க சென்டர். மோதலில் இவர் கை பட்டு ஒட்டுமுடி கழன்று தரையில் விழுந்தது. அதற்குப் பிறகு பத்து வருஷம் இருவரும் மோதும்போதெல்லாம் பத்திரிகைகள் அதையே எழுதின.

பழைய பாயின்ட்கார்டு

கழுகாரே, 2006ஐ வசதியாக விட்டுவிட்டீர்கள். பிரேசிலில் நடந்த உலகப் போட்டி. அரையிறுதியில் ரஷ்யா அமெரிக்காவை 75–68 என்று வீழ்த்தியது. இறுதியில் ஆஸ்திரேலியா ரஷ்யாவை 91–74. இளையோர் போட்டிகளை விட்டுவிட்டால், ஆஸ்திரேலியா உலகக் கோப்பையை வென்றது, ஆண்கள் பெண்கள் இரண்டிலும் சேர்த்து, அந்த ஒரு முறைதான். ஜாக்சன்தான் அந்தப் போட்டித் தொடரின் சிறந்த வீராங்கனை.

சியாட்டில் மழை

ஐயா, மன்னிக்கணும். 2006 சிறந்த வீராங்கனை பென்னி டெய்லர். ஜாக்சன் புள்ளிகளைக் குவித்தார், விருது டெய்லருக்கு.

பழைய பாயின்ட்கார்டு

சரி, தவறு என்னுடையது. "நினைவில் வையுங்கள்" என்று ஊருக்குச் சொல்லிவிட்டு நானே மறந்திருக்கிறேன். டெய்லர்தான்.

கழுகாரின் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்கப் பெண்கள் 1996இலிருந்து ஒலிம்பிக் தங்கத்தை யாருக்கும் கொடுத்ததில்லை. அந்தக் கணக்கில் பார்த்தால் உலகத்தில் வேறு எந்த நாட்டுக்காரரையும் சிறந்தவர் என்று சொல்ல முடியாது. 2012இல் லண்டன் திறப்பு விழாவில் ஆஸ்திரேலியக் கொடியைப் பிடித்துப் போனவர் ஜாக்சன். அதே ஒலிம்பிக்கில் பிரேசிலின் ஜனெத் அர்கைனைத் தாண்டி பெண்கள் ஒலிம்பிக் கூடைப்பந்தில் மிக அதிகப் புள்ளி எடுத்தவர் ஆனார். ரஷ்யாவை 83–74 என்று வென்று வெண்கலம்.

கணக்குப்பிள்ளை

வெண்மதி கேட்டது முழங்காலைப் பற்றி. எல்லோரும் கோப்பைக் கணக்கிலேயே நிற்கிறீர்கள். நான் நாட்காட்டிக் கணக்கு சொல்கிறேன்.

அமெரிக்க லீக் மே முதல் செப்டம்பர், அக்டோபர் வரை. ஆஸ்திரேலிய லீக் அக்டோபர் முதல் மார்ச் வரை. ஐரோப்பிய சீசனும் கிட்டத்தட்ட அதே குளிர்காலம். ஒன்று முடிகிற இடத்தில் இன்னொன்று ஆரம்பம். நடுவில் இடைவெளி கிடைத்தால் தேசிய அணி முகாம். ஜாக்சன் சியாட்டிலில் கோடை, கான்பெராவில் குளிர்காலம் என்றே (ஆஸ்திரேலியாவில் அதுவும் கோடை, பாவம், அவருக்குக் குளிரே கிடையாது) வருஷக்கணக்கில் ஓடினார். 2007இல் தென் கொரியாவில் சாம்சங் அணி, அங்கே ஒரே ஆட்டத்தில் 56 புள்ளி. பிறகு ரஷ்யாவில் ஸ்பார்டக் மாஸ்கோ பகுதி அணி. பிறகு ஸ்பெயினில் ரோஸ் கசாரெஸ் வலென்சியா, 2012இல் ஐரோப்பிய கிளப்களுக்கான யூரோலீக் கோப்பை. சீனாவும் உண்டு.

ஏன் இப்படி? பணம். அமெரிக்க லீகில் உச்ச நட்சத்திரத்துக்கே அந்தக் காலத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் அளவில்தான் சம்பளம். ரஷ்யாவில் அதைப் போலப் பல மடங்கு. ஸ்பார்டக் முதலாளி ஷப்தாய் கல்மனோவிச் ஜாக்சன், பேர்ட், இன்னொரு அமெரிக்க நட்சத்திரம் டயானா தௌராசி எல்லோரையும் ஒரே அணியில் கொண்டுவந்து நிறுத்தி யூரோலீகை வரிசையாக அள்ளினார். அந்த மனிதர் 2009 நவம்பரில் மாஸ்கோவில் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பது வேறு கதை.

இப்போது உடம்பின் கணக்கு. கணைக்கால் எலும்பு, கணுக்கால் அறுவை, முதுகில் எலும்பு விரிசல், 2011இல் இடுப்பு அறுவை. ஒவ்வொன்றும் ஓய்வு கேட்கிற காயம், ஓய்வுக்குத்தான் மாதமே இல்லை. என் தீர்ப்பு: முழங்கால் அவரை நிறுத்தவில்லை, நாட்காட்டி நிறுத்தியது.

இரவுக்கழுகு

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சூ பேர்டும் தௌராசியும் அதே நாட்காட்டியில்தானே ஓடினார்கள்? அதே மாஸ்கோ, அதே கோடை லீக். பேர்ட் 2022இல் 41 வயதில் ஓய்வு. தௌராசி பாரிஸில் 42 வயதில் ஆறாவது தங்கம். உங்கள் கணக்கு இங்கே உதைக்கிறதே.

கணக்குப்பிள்ளை

நியாயமான அடி. யோசித்துவிட்டு வந்தேன்.

ஒன்று, பேர்ட் 175 செ.மீ. பாயின்ட்கார்டு. ஜாக்சனைவிட ஒரு சாண் குள்ளம். கூடைக்கு அடியில் ஒவ்வொரு முறையும் இடி வாங்கி, குதித்து, ஒற்றைக்காலில் இறங்குகிற வேலை ஜாக்சனுடையது. நாலு நாள் பஸ் ஓட்டினாலும் டிரைவர் முதுகும் சரக்கு இறக்குபவர் முதுகும் ஒன்றா?

இரண்டு, அவர்களும் சும்மா தப்பவில்லை. முழங்காலால் பேர்ட் 2013, 2019 இரண்டு சீசன் முழுவதும் ஆடவில்லை. தௌராசிக்கு 2015இல் ரஷ்ய கிளப்பே பணம் கொடுத்து அமெரிக்க சீசனை விடுமுறையாக்கியது. வேலை செய்யாமல் இருக்கச் சம்பளம்! வீராங்கனைக்கு ஓய்வு தேவை என்று கடைசியில் கண்டுபிடித்தது கூலி கொடுத்த ரஷ்ய கிளப்தான்.

மூன்று, பதினாறு வயதிலிருந்தே வாங்கிய சுமை. பேர்ட் கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்த வயதில் ஜாக்சன் முழுநேர லீக், தேசிய அணி இரண்டிலும் இருந்தார். இது என் ஊகம்தான், மருத்துவர் இல்லை நான். ஆனால் ஒதுக்கிவிட முடியாது.

இரவுக்கழுகு

மூன்றாவதை ஒப்புக்கொள்கிறேன். முதலாவதைப் பாதி. இரண்டாவதற்குச் சிரித்துவிட்டேன்.

பழைய பாயின்ட்கார்டு

அப்படியானால் நான் 2012க்குப் பிறகு உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அது சோகமான பகுதி.

அமெரிக்க லீகில் அவர் கடைசியாக ஆடியது 2012. மொத்தம் 6000க்கு மேல் புள்ளிகள், 31 வயது. கான்பெரா கேப்பிட்டல்ஸ் மூன்று வருஷ ஒப்பந்தம் போட்டது. ஊரே விழாக் கொண்டாடியது. தொடைத்தசைக் காயம், அப்புறம் முழங்கால், முழங்காலில் திரும்பத் திரும்ப அறுவை சிகிச்சை. ஒப்பந்தத்தின் பெரும்பகுதியைக் களத்துக்கு வெளியிலேயே கழித்தார். ரியோவுக்குத் தயாராகப் போராடி முடியாமல், 2016 மார்ச் 31 அன்று ஓய்வை அறிவித்தார். இடம் எது தெரியுமா? 16 வயதில் விடுதியில் சேர்ந்த அதே கான்பெரா பயிற்சி நிறுவனம். வயது 34.

அந்த வருஷங்களில் வலிநிவாரணிகளுக்கும் தூக்க மாத்திரைகளுக்கும் பழகிப்போனதைப் பிறகு அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். "வலியோடு ஆடினார்" என்று வெண்மதி மகளிடம் சொன்ன பயிற்சியாளருக்கு இந்தப் பாதியும் தெரிந்திருக்க வேண்டும். ஆடினார், உண்மை. என்ன விலை கொடுத்து என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு உண்மை.

சியாட்டில் மழை

அந்த ஜூலையில் ஸ்டார்ம் 15ஆம் எண்ணுக்கு ஓய்வு கொடுத்து அரங்கக் கூரையில் ஏற்றியது. அணி வரலாற்றில் முதல் எண். நான் ஊர் மாறிவிட்டேன், பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. 2021இல் அமெரிக்காவின் நெய்ஸ்மித் கூடைப்பந்துப் புகழ்மண்டபம். ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் ஒருவர் அங்கே போனது முதல் முறை. வழக்கமாக அதோடு கதை முடியும்.

முருங்கைக்காய்

முடியவில்லை என்பதுதானே தலைப்பு. சொல்லுங்கள், பாப்கார்ன் ஆறுகிறது.

டாண்டினாங் குமரன்

இங்கே நான் நுழைகிறேன், இரண்டாம் பாகத்தைக் கொஞ்சம் நேரில் பார்த்தவன்.

ஓய்வுக்குப் பிறகு இரண்டு மகன்கள். கூடைப்பந்து வாரியத்தில் பெண்கள் பிரிவுப் பொறுப்பு. ஆறு வருஷம் போட்டி ஆட்டமே இல்லை. 2022இல் சொந்த ஊர் அணியான ஆல்பரி வொடோங்கா பேண்டிட்ஸில் ஆடப்போவதாகச் செய்தி. அது இரண்டாம் நிலை லீக், என்பிஎல்1. வீராங்கனைகளில் பலர் காலையில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் ஆடுபவர்கள். ஆடிய அரங்கத்தின் பெயர் என்ன? லாரன் ஜாக்சன் விளையாட்டு மையம். தன் பெயர் எழுதிய கட்டடத்தில் 40 வயதில் மறுபடி வார்ம்அப் செய்வது எப்படி இருந்திருக்கும்!

அங்கே புள்ளிகளைக் கொட்டினார். செப்டம்பரில் சிட்னி உலகக் கோப்பைக்குத் தேசிய அணியில் இடம். பயிற்சியாளர் யார் தெரியுமா? சாண்டி பிராண்டெல்லோ, 2000 ஒலிம்பிக்கில் இவரோடு ஆடிய தோழி.

அரையிறுதியில் சீனாவிடம் 61–59, இரண்டே புள்ளி. மறுநாள் வெண்கல ஆட்டத்துக்கு முன்பே இதுதான் ஆஸ்திரேலியாவுக்குக் கடைசி ஆட்டம் என்று சொல்லிவிட்டார். நான் மைதானத்தில் இருந்தேன். கனடாவுக்கு எதிராக 30 புள்ளி. 41 வயது! மூன்று புள்ளி ஷாட் ஒவ்வொன்றும் விழும்போது அரங்கம் முழுக்க எழுந்து நின்றது. 95–65. கடைசியில் அவரை வெளியே எடுத்தபோது அழாதவர்கள் கனடாக்காரர்கள் மட்டும்தான், அவர்களிலும் சிலர் கைதட்டினார்கள்.

"கடைசி" என்று சொன்னது 2024இல் பாரிஸில்தான் உண்மையாயிற்று. இடையில் மெல்பர்னின் டபிள்யூஎன்பிஎல் அணி சவுத்சைட் ஃப்ளையர்ஸ். 2023 ஜனவரியில் குதிகால் தசைநாண் காயம், சீசன் காலி. சரி, இத்தோடு போதும் என்று நாங்கள் நினைத்தோம். அடுத்த சீசனில் திரும்பி வந்து 2024 மார்ச்சில் பெர்த் லிங்க்ஸை 2–1 என்று வென்ற அணியில் கோப்பை தூக்கினார். முதல் லீக் கோப்பைக்கும் இதற்கும் 25 வருஷ இடைவெளி.

இரவுக்கழுகு

பாரிஸில் பெரும்பாலும் பெஞ்ச்தானே? மரியாதைக்காகக் கூட்டிப்போனார்கள் என்றுதான் பலர் எழுதினார்கள்.

டாண்டினாங் குமரன்

ஆடிய நிமிடங்கள் குறைவு, மறுக்கவில்லை. ஆனால் அந்த அணியின் சென்டர் எசி மக்பெகோர், சியாட்டிலில் ஜாக்சன் நின்ற அதே இடத்தில் அப்போது நின்றவர். முதல் ஆட்டத்திலேயே நைஜீரியாவிடம் தோற்றுத் தடுமாறிய அணி வெண்கலத்துக்கு ஏறி வந்தது. ரியோ, டோக்கியோ இரண்டிலும் வெறுங்கையோடு திரும்பிய அணி அது. நான்கு ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய ஒருவர் உடை மாற்றும் அறையில் இருப்பதற்கு ஸ்கோர் அட்டையில் கட்டம் கிடையாது, அண்ணே.

முருங்கைக்காய்

முழங்கால் எப்படிச் சரியானது என்று யாருமே சொல்லவில்லை. கஞ்சா என்று எங்கோ படித்தேன், உண்மையா?

கணக்குப்பிள்ளை

மருத்துவக் கஞ்சா. ஆஸ்திரேலியாவில் 2016 முதல் மருத்துவர் சீட்டோடு சட்டப்படி கிடைக்கும். அது பற்றிய ஓர் ஆய்வில் சேர்ந்ததாகவும் வலி குறைந்து மறுபடி பயிற்சி செய்ய முடிந்ததாகவும் அவர் சொன்னார். ஊக்கமருந்து விதிப்படி, கஞ்சாவில் போதை தருகிற டிஎச்சி போட்டிக்காலத்தில் தடை. போதை தராத சிபிடி 2018இலிருந்து தடைப்பட்டியலில் இல்லை.

ஆனால் கொஞ்சம் உப்பு சேர்த்துத்தான் விழுங்க வேண்டும். அந்தத் துறை நிறுவனம் ஒன்றோடு அவருக்கு ஆலோசகர் என்ற முறையில் தொடர்பு உண்டு. ஒருவர் அனுபவம் எல்லோருக்கும் மருந்துச் சீட்டு ஆகாது. என்னைக் கேட்டால், ஆறு வருஷம் உடம்புக்கு இடி விழாமல் இருந்ததும், பிறகு மாதக்கணக்கில் எடைப் பயிற்சி செய்து தசையைக் கட்டியதும்தான் பெரிய காரணம். அதைத் தலைப்புச் செய்தியாகப் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள்.

வெண்மதி (மெல்பர்ன்)

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் இரவு உட்கார்ந்து மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் தமிழ் வாசிக்கத் தடுமாறுவாள், கேட்டால் புரியும். ஒட்டுமுடி கதையை மூன்று முறை வாசிக்கச் சொன்னாள். மாத்திரை பற்றிய பகுதி வந்தபோது எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எனக்குப் படி இறங்கும்போதும் வலிக்குது" என்றாள். இதுவரை சொல்லாதது.

நேற்று பிசியோதெரபிஸ்டிடம் போனோம். முழங்கால் சில்லுக்குக் கீழே தசைநாண் எலும்போடு சேரும் இடத்தில் வீக்கம். வளரும் வயதில் அதிகம் குதிக்கிற பிள்ளைகளுக்கு வருவதுதானாம். வாரத்துக்கு எத்தனை நாள் ஆடுகிறாள் என்று கேட்டார். ஆறு என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மூன்று அணியும் மூன்று பேர் நடத்துகிறார்கள், ஒருவருக்கு மற்றவர் எவ்வளவு வேலை வாங்குகிறார் என்று தெரியாது. மொத்தத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டியவள் நான். கூட்டவில்லை.

வட்டார அணியிலிருந்து இந்த சீசனுக்கு விலக்கிவிட்டேன். பயிற்சியாளருக்கு வருத்தம். அவளுக்கு என் மேல் அதைவிடப் பெரிய கோபம்.

கணக்குப்பிள்ளை

மற்ற இரண்டு அணியிலும் சேர்த்து வாரத்துக்கு எத்தனை நாள் வருகிறது?

வெண்மதி (மெல்பர்ன்)

நான்கு.

பழைய பாயின்ட்கார்டு

அம்மா, இன்னொரு நாளையும் குறைக்க முடியுமா பாருங்கள். கோபம் ஒரு வாரம் இருக்கும். குறைத்த நாளில் சும்மா உட்கார வைக்காமல் பக்கத்தில் இருக்கும் மைதானத்தில் ஃப்ரீத்ரோ போடச் சொல்லுங்கள், குதிக்காமல், நின்ற இடத்தில். ஜாக்சனுக்கு அமெரிக்க லீகில் அதில் நல்ல கை.

வெண்மதி (மெல்பர்ன்)

சொன்னேன் சார். ஐம்பது போட்டாள், முப்பத்தொன்று விழுந்தது. எண்ணியது நான், பந்து பொறுக்கியதும் நான். இப்போது எனக்கு முழங்கால் வலி.